சுறாவை விட்டால் என்ன உண்டு?

மாலத்தீவில் சுறாக்களோடு முக்குளித்த படங்களை இங்கே இட்டதிலிருந்து நண்பர்கள் கேட்பது ஒன்றே: “அச்சமாக இல்லையா?” இருந்தது என்பதே விடை. ஆயினும் இந்த நீண்ட பதிவை எழுதத் தூண்டியது அந்தக் கேள்வியன்று. கொச்சிக்குத் திரும்பியபின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு முதியவர் கேட்ட வேறொரு கேள்வி.

முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொச்சியிலிருந்து மாலேவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆவதில்லை. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் நிலநடுக்கோட்டைக் கடந்தால் ஃபுவாமுலா என்னும் சிறு தீவு. முதுகுப்பையோடு வருவோர்க்கும் கட்டுப்படியாகும் விருந்தினர் இல்லங்கள் அங்கு உண்டு. ஆய்வு உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் பெரும்பாலும் முக்குளிப்புக் கட்டணத்திலேயே கரைந்தது.

மீனவர்கள் துறைமுகத்தருகே கொட்டிவந்த சூரைமீன் கழிவை நாடி வந்து பழகியவை அங்குள்ள புலிச்சுறாக்கள். இன்று வழிகாட்டிகள் மீன்தலைகளைப் பாறையிடுக்கில் வைத்து அவற்றை வரவழைக்கிறார்கள். கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சுறாவின் மீதிருந்து பார்வையை எடுக்கக் கூடாது. எங்களுக்குச் சொல்லப்பட்ட விதிகள் இவையே. என் உயரத்தைப் போல் இருமடங்கு நீளம், விலாவில் மங்கிய வரிகள், அவசரமே இல்லாத வால்வீச்சு. அருகே கடந்தபோது அதன் வயிறு புடைத்திருந்தது. கரையேறியதும் வழிகாட்டி அது சினையுற்றிருப்பதாகச் சொன்னார்.

நம்மவர்க்குச் சுறாவிருக்கும் கடலில் மூழ்குவது புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் காற்றுக்கலன் ஏதுமின்றி, கல்லின் துணையால் ஆழம் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளினர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ உடனிருந்தால்தான் நீரில் இறங்குவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அந்த மந்திரக்காரருக்குச் சென்றதைக் குறிப்பிடுகிறார். பின்னாளில் ஆங்கில அரசும் கடல்கட்டிக்கு ஊதியம் கொடுத்தே முத்துக்குளிப்பை நடத்தியது. மனிதனும் சுறாவும் ஒன்றையொன்று தீண்டாதிருக்க அன்று ஒரு விலை இருந்தது. அது ஒருவர் கைக்குச் சென்றது.

இனி அந்த முதியவர். மட்டாஞ்சேரியில் நான் தங்கியிருக்கும் தெருவிலிருந்து தோப்பும்படி சில கிலோமீட்டர் தொலைவுதான். அங்கே ஆழ்கடல் சுறாவைக் கொண்டுவந்து இறக்குவோரில் குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்தார் முதன்மையானவர்கள். நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எட்டுக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள். வாரக்கணக்கில் கடலில் கிடந்து, தூண்டிலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் கொண்டுபோன உயிர்களில் பல இவ்வூர்களுடையவை.

அவர்களுள் ஒருவரிடம் கைப்பேசியில் என் காணொளியைக் காட்டினேன். இருமுறை பார்த்தார். நான் சொல்லும் முன்பே, “இது சினை, மக்களே” என்றார். எடையையும் கண்ணாலேயே மதிப்பிட்டார். பிறகு கேட்டார்: “இத ஏத்தினா எங்களுக்கு வெல உண்டு. விட்டா என்ன உண்டு?”

சுறா, மத்தியைப் போல் விரைந்து பெருகும் மீனன்று. தாமதமாகப் பருவம் எய்தும். சில இனங்கள் ஓர் ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிகளே ஈனும். மாலத்தீவு 2010இல் சுறாப் பிடிப்பை முற்றிலும் தடைசெய்தது. அங்கே மீனவரின் பெருந்தொழில் சூரை; சுறாவை விட்டாலும் உலை கொதிக்கும். உயிரோடு உலவும் சுறா சுற்றுலா வருவாயும் தரும். இந்தியாவோ 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. மீனவர் எதிர்ப்பினால் அவ்வாண்டு டிசம்பரிலேயே அது பத்து இனங்களாகச் சுருங்கியது. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இத்தடைகள் எவையும் முதியவரின் கேள்விக்கு விடையளிக்கவில்லை.

விடையின் தொடக்கம் குஜராத்தில் இருக்கிறது. அங்கே வலையில் சிக்கிய திமிங்கலச் சுறாவை, வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. அதே நெறியை ஆழ்கடலில் விடுவிக்கப்படும் சினைச்சுறாக்களுக்கும் நீட்டிக்க இயலுமா? கரைக்கு வெகுதொலைவில், சான்று சொல்ல எவருமில்லாத இடத்தில், விடுவித்ததை எவ்வாறு உறுதிசெய்வது? இவை ஆராயத்தக்க கேள்விகள். ஆனால் அவற்றைத் தூத்தூர்க்காரர்களை அருகில் அமர்த்திக்கொண்டுதான் ஆராய வேண்டும். சினையைக் கண்ணாலேயே அறிபவர்கள் அவர்களே.

நான் செலுத்திய முக்குளிப்புக் கட்டணத்தில் இருபதில் ஒரு பங்கேனும் சுறாவைக் கடலில் விட்டுவைத்த மீனவருக்குச் சேர வேண்டும் என்பது என் எண்ணம். என் படங்களின் கீழ்ச் சுறா பிடிப்போரைக் கொடியவர் என்று எழுதிய நண்பர்கள், முதியவரின் கேள்வியையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். குமரிக் கரையோர நண்பர்கள் தங்கள் கருத்தை எழுதினால் மகிழ்ந்து கற்பேன்.