காயலான் கடையில் கிடக்கும் கேசட்டுகள்

தமிழிலக்கியம் கற்பிக்கும் ஒருவனிடம் வந்து வீடியோ கேம் சேகரிப்பது எப்படி என்று மாணவர்கள் கேட்பது சற்று விநோதமாகத் தோன்றலாம். என் வீட்டு அலமாரியில் சங்க நூல் பதிப்புகளுக்குக் கீழ்த்தட்டில் நாற்பத்து மூன்று விளையாட்டுக் கேசட்டுகளும் மூன்று கருவிகளும் இருக்கும் செய்தி எப்படியோ வகுப்பறைக்கு எட்டிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது கேட்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை ஒருசேர எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கையேடுகளைப் படித்துவிட்டே வருகிறார்கள். அவற்றின் முதல் அறிவுரை ஒன்றுதான்: போலிகளைத் தொடாதே, அசலை மட்டும் வாங்கு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே, காடாம்புலியூரில் உட்கார்ந்துகொண்டு அதை அப்படியே ஏற்றால் நமக்குச் சேகரிக்க அநேகமாக ஒன்றும் இராது.

காரணம் எளிது. நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற கருவியை வெளியிட்டது. 1990-களில் நம் வீடுகளுக்குள் வந்தது அது அன்று, அதன் நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களிலும், பெயரே இல்லாமலும் அவை விற்கப்பட்டன. ரஷ்யாவில் 1992 முதல் டென்டி என்ற பெயரில் பரவியதும் இதே குடும்பத்து நகல்தான். முறையாக வந்தவையும் உண்டு. சேகா நிறுவனத்தின் கருவியை 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்கத் தொடங்கியது. ஆனால் அதன் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டுவதாக இல்லை. எங்கள் தலைமுறைக்கு மாரியோவும் கான்ட்ராவும் அறிமுகமானது நகல்களின் வழியாகத்தான். ஆகவே, நம் ஊர் வரலாற்றைச் சேகரிக்க நினைப்பவனுக்கு அந்த நகலே மூல ஆவணம்.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. ஓர் ஏட்டுப் பிரதிக்கும் இன்னொன்றுக்கும் பாடபேதம் இருந்தால் நாம் எதையும் தூக்கியெறிவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கிறோம். விளையாட்டுகளிலும் பாடபேதம் உண்டு. கொனாமி நிறுவனத்தின் கான்ட்ரா 1988-ல் வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. ஜப்பானியப் பதிப்பில் கட்டங்களுக்கு இடையே வரைபடமும் சிறு காட்சிகளும் வரும். அமெரிக்கப் பதிப்பில் அவை இல்லை. ஐரோப்பாவில் அதே விளையாட்டு புரோபோடெக்டர் என்று பெயர் மாறி, மனித வீரர்களுக்குப் பதில் எந்திர மனிதர்களுடன் வெளிவந்தது. நம் கடைகளில் கிடைத்த கேசட்டுகளில், தொடக்கத்திலேயே ஆயுதத்தையும் கட்டத்தையும் தேர்ந்துகொள்ளும் வசதியை யாரோ முகமறியாத ஒருவர் சேர்த்திருந்த கான்ட்ராவும் உண்டு. நம்கோ நிறுவனத்தின் பேட்டில் சிட்டி 1985-ல் வந்த விளையாட்டு. நம்மில் பலர் ஆடியது அதைத் திருத்திய டாங்க் 1990. இடைச்செருகல் செய்தவர் யார் என்று தெரியாவிட்டாலும், இடைச்செருகலும் ஒரு காலத்தின் சான்றுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய நகலைப் பாதுகாப்பது வேறு, இன்று புதிதாக அச்சடித்த போலியை அசல் விலைக்கு விற்பது வேறு. பின்னதை வாங்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம். வேறுபாட்டை அறிய ஒரு திருப்புளி போதும். அசல் கேசட்டைத் திறந்தால் பச்சைப் பலகைமீது எழுத்துப் பொறித்த சில்லுகள் தெரியும். மலிவான நகல்களில் பெரும்பாலும் ஒரு கரிய பிசின் பொட்டு மட்டும் இருக்கும். அந்தப் பொட்டைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். எது என்று தெரிந்து வாங்குங்கள், அதற்குரிய விலை கொடுங்கள்.

எல்லாவற்றையும் சேர்க்கப் புறப்படுவது தொடக்கக்காரர்களின் இயல்பு. அது பணத்தையும் இடத்தையும் தின்றுவிடும். ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவிக்கு உரியவை, ஒரே விளையாட்டின் வெவ்வேறு பதிப்புகள், இந்தியாவில் உருவானவை என்று ஏதேனும் ஒன்று. இந்தியாவில் உருவானவை என்ற எல்லை இளைஞர்களுக்கு ஏற்றது. பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக 2009-ல் வெளிவந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’, கபடியும் பட்டம் விடுதலும் இடம்பெற்ற ‘தேசி அட்டா’ ஆகியவற்றின் வட்டுகளைத் தேடுவதிலிருந்து தொடங்கலாம். கடன் வாங்கிச் சேகரிக்காதீர்கள். மாதம் ஒன்று என்றாலும் பத்து ஆண்டுகளில் நூற்றிருபது ஆகும்.

எங்கே தேடுவது? சென்னைக்குப் போனால் ரிச்சி தெரு இருக்கிறது. நம் பக்கத்தில் அதைவிட நல்ல இடம் நெய்வேலி நகரியம். பணி ஓய்வு பெறும் குடும்பங்கள் குடியிருப்பைக் காலி செய்யும்போது பரணில் இருப்பவையெல்லாம் கீழே இறங்குகின்றன. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். பெட்டியில் கிடக்கும் கருவி என்னவென்று பெற்றோருக்கு நினைவிருக்காது. அது நேராகக் காயலான் கடைக்குப் போகும். என் சேகரத்தில் பாதிக்குமேல் அப்படி எடைக்குப் போகவிருந்தவை. காயலான் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். அதைவிட மேலானது, வீட்டுக்காரரிடமே பேசுவது. கேசட்டோடு கதையும் கிடைக்கும்.

வாங்கியதும் மின்சாரத்தில் செருகிப் பார்க்கும் ஆவலை அடக்குங்கள். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. அங்கிருந்து வந்த கருவியின் அடாப்டரை நேரே செருகினால் புகைதான் மிஞ்சும். அடாப்டர் மாற்றும்போது வோல்ட் அளவோடு, முனையின் நடுப்பகுதி நேரா எதிரா என்ற குறியையும் பாருங்கள். கருவிக்குக் கருவி அது மாறும். கேசட் வேலை செய்யவில்லையென்றால் நாங்கள் சிறுவயதில் வாயால் ஊதுவோம். ஊதினால் சரியாவதுபோல் தோன்றியதற்குக் காரணம், கழற்றி மீண்டும் செருகியதுதான். மூச்சின் ஈரம் உலோகத் தொடுமுனைகளை நாளடைவில் அரித்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலரவிட்டுச் செருகுங்கள்.

பழைய குழாய்த் தொலைக்காட்சி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். வாத்து சுடும் ‘டக் ஹண்ட்’ விளையாட்டின் துப்பாக்கி புதிய தட்டைத் திரைகளில் இயங்காது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கியின் நுனியில் உள்ள உணரி அந்த ஒளியைக் காண்கிறதா என்பதே கணக்கு. குழாய்த் திரையின் ஒளிக்கும் வேகத்துக்கும் ஏற்பச் செய்யப்பட்ட பொறி அது. கருவி, கேசட், துப்பாக்கி மூன்றும் இருந்தும் தொலைக்காட்சி இல்லையென்றால் அந்த விளையாட்டு உங்களிடம் இல்லை என்றே பொருள்.

பாதுகாப்பதில் நம் பகுதிக்கு உரிய சிக்கல்கள் உண்டு. கோடை வெயில் படும் இடத்தில் வைத்த வெள்ளை நெகிழி மஞ்சளாகும். சுரங்கப் பகுதியின் புழுதி இடுக்குகளில் படியும். மழைக்காலத்தைச் சொல்லவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் முந்திரித் தோப்புகளோடு கூரைகளையும் கொண்டுபோனது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவில் எத்தனையோ பேரின் பரண்கள் அன்று நனைந்தன. பரண் வேண்டாம், தரையும் வேண்டாம். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நடு அலமாரியில் வையுங்கள். ஆடிய நிலையைச் சேமித்துவைக்கும் கேசட்டுகள் பலவற்றில் சிறு நாணய மின்கலம் இருக்கும். அது தீர்ந்தால் சேமிப்பும் அழியும். மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்காமல் பதிவிறக்கம் செய்த விளையாட்டுகளை என்ன செய்வது என்று இன்றைய மாணவர்கள் கேட்பதுண்டு. அங்கேதான் இழப்பு அதிகம். நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யு கருவிகளுக்கான இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடியது. அதே ஆண்டு அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்றது. முறையாகப் பதிவு செய்யப்பட்ட நாட்டின் நிலையே இது. பதிவே இல்லாத நம் நிலையை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

2023-ல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற விளையாட்டை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாய் கொடுத்த சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கும், எழுத்துகள் அழிந்திருக்கும். விடுபட்டதை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் செய்த வேலையும் வேறல்ல. 2024-ல் அது பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வானது.

இறுதியாகச் சேகரிப்பில் எனக்கு வழிகாட்டியவரைச் சொல்ல வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று பிறர் மதிக்காதவற்றையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் 1994-ல் அச்சேகரத்தை வாங்கியது. இன்று சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அன்று கசங்கிய நோட்டீசாகத் தெரிந்ததைத் தேடித்தான் இன்று ஆய்வாளர்கள் அங்கே செல்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். மேலட்டையில் அச்சிட்ட பெயர், உள்ளே உண்மையில் இருக்கும் விளையாட்டுகள், யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த ஆண்டில் எந்தக் கடையில் என்ன விலைக்கு அவர்கள் வாங்கினார்கள், யார் யார் ஆடினார்கள். ‘9999 விளையாட்டுகள்’ என்று அட்டையில் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் சில பத்துதான் தேறும், மற்றவை அவற்றின் மறுபதிப்புகள். அதையும் எழுதுங்கள். கேசட் இன்னும் முப்பது ஆண்டு தாக்குப்பிடிக்கலாம். அதை வாங்கிக் கொடுத்த அப்பாக்கள் எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.