எந்தச் சிவப்பு முதல்ல?

ஒரு ஐப்பசி மழை ராத்திரி, கொழும்பில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர் எங்களுக்கு போன் எடுத்தார். "தம்பி, எங்க லயத்து ஆக்கள எல்லாம் ஸ்கூலுக்கு கொண்டு போய்ட்டாங்களாமே? அம்மாவோட போன் வேலை செய்யல." தெரணியகலைப் பக்கம் அவருடைய தோட்டம். பதறிப்போய் அங்குள்ள கூட்டாளிக்கு எடுத்தோம். மழைதான், ஆனா யாரும் எங்கயும் போகல. அம்மா நிம்மதியா தூங்கிக்கிட்டு இருந்தாங்க.

அப்போ அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது? எங்களிடமிருந்துதான். இரண்டு வருஷத்துக்கு முந்தி எங்கள் இணையத்தளத்தில் போட்ட மண்சரிவு அறிவித்தல், கூகுள் தேடலில் அந்த வாரத் திகதியோடு நின்றது.

தளத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால், தேடுபொறி வாசிப்பதற்கென்று ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. தலைப்பு என்ன, எழுதியது யார், எப்போ வந்தது, எந்த இடம். இதைத்தான் கட்டமைக்கப்பட்ட தரவு என்கிறார்கள். 2011இல் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து இதற்குப் பொதுவான சொற்களை வகுத்து ஸ்கீமா டொட் ஓர்க் என்று வெளியிட்டன. தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்றதுன்னா, இது செக்ரோல் மாதிரி. நாள் முழுக்க மலையில நின்னாலும் செக்ரோல்ல அரைப்பேர்னு விழுந்தா அரைப்பேர்தான்.

எங்கள் செக்ரோலில் விழுந்தது பொய்த் திகதி. தளத்தை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும், 'கடைசியாகத் திருத்திய நாள்' என்ற இடத்தில் அன்றைய திகதியை டெம்ப்ளேட் தானாகவே எழுதிவிடும். அந்த வாரம் மெனுவில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தோம். அவ்வளவுதான், பழைய பதிவெல்லாம் புதுசாகிப் போச்சு.

இதில் கோபம் என்னவென்றால், அதற்கு முந்தைய மாதம் முழுக்க நாங்கள் 'பிழை திருத்திக்கொண்டு' இருந்தோம். ஒரே லெப்டொப், போன் டேட்டா, சனி ஞாயிறு. கூகுளின் சேர்ச் கொன்சோல் காட்டிய பட்டியலில் எது அதிக பக்கங்களில் இருக்கிறதோ அதுதான் முதல் வேலை: படம் இல்லை, எழுதியவரின் இணைப்பு இல்லை. பொய்த் திகதியைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. இருக்காது. திகதி சரியான வடிவத்தில் இருந்தது, அது உண்மையா என்று கருவிக்கு எப்படித் தெரியும்?

கேகாலை மாவட்டத்தில் மண்சரிவு எச்சரிக்கை சாதாரணச் செய்தி இல்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை இறங்கியதை யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் எச்சரிக்கிறது: மஞ்சள் என்றால் கவனமாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் உடனே வெளியேறு. சேர்ச் கொன்சோலிலும் சிவப்பு உண்டு. அந்தச் சிவப்புக்கு, கூகுளின் விசேஷக் காட்சி உனக்குக் கிடைக்காது என்பது மட்டும்தான் அர்த்தம். குறிப்பு சரியாக இருந்தாலும் அந்தக் காட்சி நிச்சயம் என்று கூகுளும் சொல்வதில்லை.

ஆகவே வரிசையை மாற்றினோம். ஆளை ஏமாற்றுகிற தகவல் முதலில். தானாகத் திகதி மாறுவதை நிறுத்தி, எழுத்து உண்மையாக மாறினால் மட்டும் நாங்களே திகதி போடுவது என்று வைத்தோம். அறிவித்தல்களுக்கென்று தனி வகை இருக்கிறதா என்று தேடினால், கொவிட் காலத்தில், 2020இல், 'விசேஷ அறிவித்தல்' என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதையும் கைவிடப் போவதாக 2025 யூனில் கூகுள் அறிவித்துவிட்டது. கடைசியில் தலைப்பிலேயே வருஷத்தை எழுதி, முதல் வரியில் "இது முடிந்துபோன அறிவித்தல்" என்று போட்டோம். வாசிக்கிற ஆளுக்குத் தெரியாததை மெஷினுக்கு மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?

இரண்டாவதாக, மொத்தமாக உடைந்த குறிப்புகள். பெரியவங்க பேசினதை இரட்டை மேற்கோளில் போட்டுத் தலைப்பாக்குவது எங்கள் பழக்கம். அந்த மேற்கோள் குறி உள்ளே புகுந்து முழுக் குறிப்பையும் வாசிக்க முடியாமல் ஆக்கியிருந்தது. டெம்ப்ளேட்டில் ஒரு வரி மாற்றினோம், எல்லாப் பக்கமும் சரியானது.

நிகழ்ச்சி நேரத்தை மூன்றாவதாக வைத்திருந்தோம். அடையாள அட்டைக்கான நடமாடும் சேவை காலை 9 மணிக்கு. குறிப்பில் இலங்கை நேரம் +05:30 என்று எழுதாமல் கடைசியில் இசட் என்று விட்டதால், அது நம்ம நேரப்படி பின்னேரம் 2.30. எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சி சண்டை பிடித்தாள்: "ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு வர்ற ஆளுக்கு இது மூணாவதா?" அவள் சொன்னது சரி. முதலாவதற்கு ஏற்றினோம்.

இடப்பெயர் வேலை இன்னும் முடியவில்லை. தோட்டத்துக்குப் பதிவில் ஒரு பெயர், ஆக்கள் வாயில் இன்னொரு பெயர், அதுக்குள்ள மேல்கணக்கு, கீழ்கணக்கு. மாற்றுப்பெயர் எழுத ஸ்கீமாவில் இடம் உண்டு, பெரியவங்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்புகிறோம். கேள்வி-பதில் குறிப்புகளை அப்படியே கைவிட்டோம். 2023 ஆகஸ்ட்டிலேயே அந்தக் காட்சியைப் பெரும்பாலும் அரச, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது. படத்தின் அளவு பற்றிய மஞ்சள்கள் இன்னும் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

கூகுள் மறுபடி வந்து பக்கங்களை வாசித்துப் பழைய திகதி திரும்புவதற்குச் சில நாள் எடுத்தது. பிறகு அந்த அக்காவுக்கு எடுத்துச் சொன்னோம். "சரி தம்பி. அப்படியே அம்மாவோட போனையும் ஒருக்கா பாத்து குடுங்களேன், சார்ஜ் நிக்குதில்ல" என்றார். அதையும் பட்டியலில் சேர்த்தோம்.