கணக்கில் வராத செய்தி

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும், சென்றவர்கள் ஈட்டிய பொருளுக்குக் கணக்கு எழுதிய அளவுக்கு, அங்கே பழகிய மக்களைப் பற்றி எழுதி வைத்தாரில்லை. இந்தக் குறை எங்கள் குடும்பத்திலும் உண்டு.

எங்கள் பாட்டனார் 1928ஆம் ஆண்டில் பர்மாவுக்குச் சென்றவர். பெகு நகரில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாக உயர்ந்தார். 1942இல் போர் மூண்டு பரவியபோது, பல்லாயிரவருடன் கால்நடையாகவே அஸ்ஸாம் வந்து சேர்ந்தார். உடன்பிறந்தோராகிய நாங்கள் மூவரும் பள்ளிப் பருவம் எய்துமுன்பே மறைந்துவிட்டார். அவர் மடியில் முடிந்து கொண்டுவந்த சிறு குறிப்பேடு ஒன்றுதான் இன்று எங்களிடம் உள்ளது.

அதில் பர்மியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே பொருள் குறித்திருக்கிறார். முதல் வரி, "தமின் சா பீ பீலா?" என்பது. "சோறு உண்டாயிற்றா?" என்று பொருள். பர்மியர் ஒருவரையொருவர் நலம் வினவும் முறை அது. நம் ஊர்த் திண்ணைகளிலும் இதே கேள்விதானே நலம் விசாரிப்பு! அடுத்த பக்கங்களில் மழை, நெல், கடன், வட்டி, தவணை ஆகிய சொற்கள் வருகின்றன.

ஏட்டில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. 1929க்குப் பின் உலகெங்கும் வாணிகம் நொடித்து, நெல் விலை வீழ்ந்தது. கடன் தீர்க்க இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் நகரத்தார் கைக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்தம் நிலம், 1937இல் ஏறத்தாழ 25 பங்காயிற்று. கணக்குப் பெட்டிக்கு இப்புறம் அமர்ந்திருந்தவர் எங்கள் பாட்டனார். அப்புறம் அமர்ந்திருந்த உழவரிடம் "சோறு உண்டாயிற்றா?" என்று அவர் கேட்டபோது என்ன விடை கிடைத்தது? அதை அறியவே நாங்கள் ஏங்குகிறோம். ஏடு வாய் திறப்பதில்லை.

அதே பர்மாவில், ரங்கூனிலிருந்து வெளிவந்த 'தனவணிகன்' இதழின் ஆசிரியராய் இருந்தவர் ஏ. கே. செட்டியார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட கப்பலில், காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. பழைய படச்சுருள்களைத் தேடிப் பல நாடுகளில், முன்பின் அறியாதவர் வாயிலில் போய் நின்றார். 1940இல் படம் வெளிவந்தது. அவர்தம் பயண நூல்களில் தம்மைப் பின்னே நிறுத்தி, தாம் கண்டவரையே முன்னே நிறுத்துகிறார். வேடிக்கை பார்க்கச் செல்பவன் காணாததை, வேலையின் பொருட்டு அயலாரிடம் சென்று நிற்பவன் காண்கிறான் என்பதற்கு அவர் எழுத்தே சான்று.

அன்பர்களே, இன்று நம் இல்லங்களிலிருந்து பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஜெர்மனிக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் படங்களில் மாளிகைகளும் பனிமலைகளும் நிறைய உள்ளன. உடன் வேலை செய்பவர் யார், அவர் நம்மை எவ்வாறு மதிக்கிறார், நம்மால் அவருக்கு நன்மையா தீமையா என்பதைப் படம் சொல்லாது. எழுத்துத்தான் சொல்ல வேண்டும். நமக்குப் பெருமை தராத செய்தியாயினும் அதையும் எழுதுதல் நன்று.

கடல் கடக்காத நமக்கும் இக்கடமை உண்டு. மும்பையில் எங்கள் அண்டை வீட்டு மராட்டிய மூதாட்டியார் எங்களைக் காணுந்தோறும் "ஜேவ்லாத் கா?" என்று கேட்கிறார். உண்டாயிற்றா என்பதே அதன் பொருளும். நாங்கள் விடை சொல்லி, அவர் உண்டாரா என்றும் கேட்கிறோம். அவர் சொல்வதை இப்பொழுது ஓர் ஏட்டில் எழுதி வருகிறோம். எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு விடையும் கிடைக்கட்டும்.