மூன்றாவது முகப்பு

உடற்கூறியல் கூடத்தில் பார்மலின் நெடி கண்ணைக் கரிக்கிறது. நாளைக்கு எலும்பு வைவா. மேஜைமேல் தகரத் தட்டு நிறையக் குதிகால் எலும்புகள்.

முதலாண்டு மாணவி ஒருத்தி ஒன்றை எடுத்து அதன் மேற்பரப்பைக் கட்டைவிரலால் தடவுகிறாள். கணுக்கால் எலும்பு வந்து உட்காரும் இடம் அது. புத்தகப் படத்தில் பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று என மூன்று வழவழப்பான முகப்புகள் தனித்தனியே இருக்கின்றன. அவள் கையில் இருப்பதிலோ முன்னிரண்டும் சேர்ந்து நீளமாக ஓடுகின்றன.

"அண்ணே, இது தேஞ்சுபோன எலும்பா? நடுவுல பிரிவே காணோம்."

அட்டெண்டர் சுவரோரம் குந்தி உட்கார்ந்து எலும்புகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நிமிரவில்லை.

"தேயலை டாக்டரம்மா. அடுத்ததப் பாருங்க."

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் மூன்றும் தனித்தனி. நான்காவதில் மறுபடி சேர்ந்திருக்கின்றன. ஒன்று உள்ளங்கையை நிறைக்கிறது. இன்னொன்று முழு வளர்ச்சி கண்ட எலும்புதான், ஆனாலும் விரல்களுக்குள் அடங்கிவிடுகிறது. தட்டைக் காலி செய்து வரிசையாக அடுக்குகிறாள். சேர்ந்தவற்றின் வரிசைதான் நீள்கிறது. இந்தியர் எலும்புகளை ஆராய்ந்தவர்கள் பலரும் கண்டது இதையே: இங்கே பெரும்பான்மை சேர்ந்த வகை. படத்திலுள்ள வகைதான் குறைவு. அதைப் படத்தின் கீழே ஒரு வரியாகவாவது போட்டிருக்க வேண்டும்.

தோழி கம்பியில் கோத்த பாதத்தை எண்ணுகிறாள். இருபத்தாறு வரவேண்டும்; ஒன்று குறைகிறது. தொலைந்துபோகவில்லை. சுண்டுவிரலில் மூன்று துண்டுக்குப் பதில் இரண்டு. நுனித்துண்டும் நடுத்துண்டும் ஒன்றாகவே இருக்கும் கால்கள் ஏராளம்.

அட்டெண்டர் துடைத்து நீட்டும் கணுக்கால் எலும்பின் கழுத்தில், மேற்பக்கம், நகமளவு பளபளப்பு. குந்தும்போது கால் முழுக்க மடங்கும். கால் முன்னெலும்பின் கீழ்விளிம்பு இந்த இடத்தில்தான் வந்து அழுந்தும். லாகூரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹேவ்லாக் சார்லஸ் 1890-களில் பஞ்சாபியர் எலும்புகளில் இந்தத் தடத்தை விரிவாக எழுதிவைத்தார். குழந்தைகளின் எலும்பிலும் அதைக் கண்டார். அதனால், குந்திக் குந்தி வந்ததா, பிறப்பிலேயே வந்ததா என்ற வழக்கும் கூடவே எழுந்தது. நாற்காலி அறியாமல் வயலிலும் அடுப்படியிலும் கழிந்த ஓர் ஆயுளை இந்த நகமளவு இடம் சொல்லக்கூடும் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அட்டெண்டரும் அப்படித்தான் குந்தியிருக்கிறார், குதிகால் இரண்டும் தரையில் முழுக்கப் பதிய.

மாணவி பென்சிலால் படத்தின் முன்னிரண்டு முகப்புகளையும் ஒரு கோட்டால் இணைக்கிறாள்.

"நாளைக்குக் கேட்டா ரெண்டுன்னு சொல்லவா, மூணுன்னு சொல்லவா?" என்கிறாள் தோழி.

"எந்த எலும்பக் குடுக்குறாங்களோ, அதத் தடவிப் பாத்துட்டுச் சொல்லு."