பெயர் தெரியாத மீன் சட்டிக்கு வேண்டாம்



நேற்று அஸருக்குப் பிறகு வாவிக்கரையில் என் வகுப்புப் பிள்ளைகள் இருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாளிக்குள் கொடுவாக் குட்டி ஒன்று. பக்கத்தில் தலை வெட்டித் தோலுரித்த மீன் நான்கு. என்ன மீன் என்று எனக்கும் விளங்கவில்லை.

"பக்கத்து வீட்டு உம்மம்மாவுக்குக் குடுக்கப் போறம், சேர்."

மண்ணில் கிடந்த தலையைப் பார்த்ததும்தான் திக்கென்றது. கிளிமூக்குப் போல வாய். பேத்தை!

"மீன் எல்லாம் ஹலால்தானே, சேர்?"

"ஹலால்தான் மகன். ஆனா உயிருக்குக் கேடானதைத் தின்ன மார்க்கம் சொல்லல்ல."

பேத்தையின் ஈரல், முட்டை, தோலில் உள்ள நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. உதடும் நாக்கும் விறைக்கும்; பிறகு மூச்சே நின்றுவிடலாம். மாற்று மருந்து இல்லை. தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற இடமுண்டு.

பூனை, நாய் தின்னாமல் நான்கையும் குழி தோண்டிப் புதைத்தோம்.

பெற்றோரே, தூண்டிலைப் பறிக்க வேண்டாம். பெயர் தெரியாத மீனைத் தண்ணீரிலேயே விடப் பழக்குங்கள். தோலுரித்த மீனை வாங்கிச் சமைப்பவருக்கு அது என்னவென்று தெரியாது. முழு மீனாகப் பார்த்தவன் பிடித்தவன்தான், பொறுப்பும் அவனுடையதே.