கோரையாற்றங்கரைப் பெருச்சாளி

பொதுப்பணத்தைச் சுரண்டுவோரைப் ‘பெருச்சாளி’ என்று ஏசுவது நம் வழக்கம். அப்பெயருக்குரிய பிராணியை அறிந்தோர் சிலரே. திருச்சிராப்பள்ளியின் தென்மேற்கே, எடமலைப்பட்டி புதூரை அடுத்தோடும் கோரையாற்றின் கரையில் அந்தி வேளையில் நடந்தால் அதனைக் காணலாம். புதர் மறைவில் பன்றிக்குட்டிபோல் உறுமும். ஆளரவம் கேட்டதும் நீரில் இறங்கி நன்றாக நீந்திச் செல்லும்.

தலையும் உடலும் ஒரு சாண் முதல் ஓரடி வரை நீளும். எடை ஒரு கிலோவை எட்டுவதுமுண்டு. தெலுங்கர் இதனைப் ‘பந்திக்கொக்கு’, அதாவது பன்றியெலி என்பர். ஆங்கிலேயரின் ‘பாண்டிகூட்’ என்னும் சொல் அதிலிருந்து பிறந்ததே.

தென்னமெரிக்காவில் வாழும் காப்பிபாராவும் கொறிக்கும் இனத்ததே. உலகிலேயே அவ்வினத்தில் பெரியது அதுதான். எடை ஐம்பது கிலோவையும் தாண்டும். விரலிடையில் சவ்வு உண்டு. கண்ணும் காதும் மூக்கும் தலையின் மேற்புறத்தே அமைந்திருப்பதால், உடலை நீரில் மறைத்தபடியே சுற்றிலும் நோக்கும். அதன் அறிவியற் பெயருக்கும் ‘நீர்ப்பன்றி’ என்பதே பொருள். வெனிசுவேலா நாட்டுக் கத்தோலிக்கர் அதனை மீனோடு சேர்த்தெண்ணித் தவக்காலத்திலும் உண்பர் என்பது நம் வாசகர்க்கு வியப்பளிக்கும்.

நம்மூர்ப் பெருச்சாளிக்கு அத்தகைய மதிப்பில்லை, காரணமும் உண்டு. இது கரைகளிலும் வீட்டு அடித்தளத்தருகிலும் வளை தோண்டுகிறது. இதன் சிற்றினமோ வயல் வரப்பைத் துளைத்து நெற்கதிர்களை வளைக்குள் சேர்த்து வைக்கிறது. வளைகள் மலிந்த மண்கரை வெள்ளத்தைத் தாங்குமா? 2005 நவம்பரில் கோரையாறு பெருகிக் குடியிருப்புகளுக்குள் புகுந்ததைக் கண்டவர்கள், கரையின் அருமையை நன்கறிவர்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. எலியினத்தின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள புண் வழியே எலிக்காய்ச்சல் கிருமியை உடலில் சேர்க்கும். தேங்கிய மழைநீரில் வெறுங்காலுடன் நடவாதீர்கள். நடக்க நேர்ந்து, பின் காய்ச்சல் கண்டால், அதனை மறவாமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

ஆயின் நஞ்சு ஒன்றே வழியென்று எண்ணலாகாது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் மடிய நேரிடுகிறது. அதுவோ இரவெல்லாம் எலி பிடித்து நமக்கு ஊழியம் செய்யும் பறவை. தஞ்சை உழவர் மூங்கிற்கிட்டி வைத்தே எலி பிடித்தனர். பெருச்சாளியை ஊருக்குள் அழைப்பதும் நாம் ஆற்றோரத்தில் கொட்டும் குப்பையே. அதனைக் கொட்டாதிருப்போமாயின், கரையும் நிலைக்கும். நம் பிள்ளைகளும் நலமாயிருப்பர்.