பனை நாட்டுப் பேனாக்கத்தி

புதுக்கோட்டைச் சீமையில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று கேட்டால் யாரும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்: சித்தன்னவாசல் சித்திரம், குடுமியான்மலைச் சங்கீதக் கல்வெட்டு, நார்த்தாமலைக் குடைவரை, திருக்கோகர்ணத்துக் கோயில். இவையெல்லாம் கல்லின் பெருமை. கல்லுக்கு அடுத்தபடியாக இந்தச் சீமை நிறையக் கண்ணில் படுவது பனை. அந்தப் பனையோலையையும் கொல்லுலை இரும்பையும் ஒன்று சேர்த்து நம் முன்னோர்கள் செய்து வைத்திருந்த ஒரு சிறு கருவியின் விசேஷத்தை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அதற்கு ஏற்ற இடம் பொற்பனைக்கோட்டை.

புதுக்கோட்டை நகரத்துக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். பெயரிலேயே பனை இருக்கிறது. பொன்னாகக் காய்த்த பனை என்று ஒரு கதையும் வழங்குகிறது. 40 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைச் சுற்றிப் பழைய கோட்டையின் மதில், மண்மேடாக இன்றும் வளைந்து கிடக்கிறது. செம்புறாங்கல் நிறைந்த அந்த நிலத்தில் இரும்பு உருக்கிய கழிவுகள் கிடைத்திருக்கின்றன. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகல் ஒன்றும் அங்கே கண்டெடுக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் நடந்த அகழாய்வில் ஒரு தங்க மூக்குத்தியும், ஒரு சூதுபவள மணியும், எலும்பினால் செய்த கூர்முனைக் கருவி ஒன்றும் வெளிப்பட்டன. பனையும் இரும்பும் எழுத்தும் கூர்முனையும் ஒரே மண்ணில் கூடியிருக்கக் கண்டபோது, நமக்கு மடக்கெழுத்தாணியின் ஞாபகம் வந்ததில் வியப்பில்லை.

மடக்கெழுத்தாணி என்றால் இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏட்டில் எழுதிய காலத்தில் எழுத்தாணிகள் பல வகைப்பட்டிருந்தன. தலை பருத்துக் கனமாக இருப்பது குண்டெழுத்தாணி. ஒரு முனையில் எழுதும் கூரும் மறு முனையில் ஓலை வாரும் கத்தியுமாக நீண்டிருப்பது வாரெழுத்தாணி. இந்த வாரெழுத்தாணியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியூர்ப் பிரயாணம் போகிறவனுடைய நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! ஒரு பக்கம் குத்தும். மறு பக்கம் வெட்டும். ஆகவே தந்தத்திலோ, மாட்டுக்கொம்பிலோ, மரத்திலோ ஒரு பிடி அமைத்து, கத்தியும் எழுத்தாணியும் அதற்குள்ளே மடங்கி அடங்கும்படி செய்தார்கள். அதுவே மடக்கெழுத்தாணி. இரண்டு அலகுள்ள சட்டைப்பைக் கத்தி ஏதோ சீமையிலிருந்து கப்பலேறி வந்த புதுமை என்று நினைக்கிறவர்கள், இதை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

சீமைக் கத்தியின் கதையும் எழுத்தோடு பிறந்த கதைதான். அங்கே பறவையின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதினார்கள். இறகின் முனை அடிக்கடி மழுங்கும்; அதைச் சீவுவதற்குச் சிறு கத்தி வேண்டும். ஆகையால் அதற்குப் பேனாக்கத்தி என்றே பெயர் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு முள் வந்த பிறகு இறகுக்கு வேலை போயிற்று. பேனாவுக்கு வேண்டாத பேனாக்கத்தி, பென்சில் சீவவும் மாம்பழம் நறுக்கவும் பிழைத்துக்கொண்டது. இங்கிலாந்து தேசத்தில் ஷெபீல்டு நகரத்து ஜோசப் ராஜர்ஸ் கம்பெனியார் 1822-ஆம் ஆண்டில் 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து, பிறகு ஆண்டுக்கு ஓர் அலகு சேர்த்து வந்தார்கள். அத்தனை அலகில் நமக்கு வேண்டியது எது என்று தேடுவதற்குள் மாம்பழம் அழுகிவிடாதா என்பது நம் கவலை!

ஆயிரம் அலகு கிடக்கட்டும்; இரண்டு அலகையே ஒரு பிடிக்குள் அடக்குவது லேசான காரியமன்று. சீமைக் கத்திகளில் இதற்கு இரண்டு முறை உண்டு. இரண்டு அலகும் ஒரே முனையில் கீல் கொண்டிருப்பது ஒரு முறை. இதில் சிறிய அலகு பெரியதின் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும்; சில கத்திகளில் பெரியதைத் திறந்த பிறகே சிறியதில் நகம் படும். முனைக்கு ஓர் அலகாக வைப்பது மற்றொரு முறை. இரண்டும் எதிர் எதிராக மடங்கி ஒரே பள்ளத்துக்குள் இறங்க வேண்டியிருப்பதால், ஒன்றோடொன்று உராயாமல் இருக்கும்படி கொல்லன் அவற்றின் அடியைச் சிறிதே வளைத்து, ஒன்றை இடப்புறமும் மற்றொன்றை வலப்புறமும் சாய்த்து விடுகிறான். பார்த்தால் கோணலாகத் தோன்றும் அந்த வளைவு பிழையன்று. அதில்தான் தொழில் நுட்பம் இருக்கிறது.

அலகைத் திறப்பதற்கு அதன் முதுகோரமாகப் பிறைச்சந்திரனைப் போல ஒரு சிறு பள்ளம் வெட்டியிருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். அது நகம் பதிவதற்கு உரிய இடம். கீலுக்கு எட்டி இருந்தால் சிறிய பலமே போதும். கீலுக்குக் கிட்டே இருந்தால் வில்லின் இறுக்கத்தோடு மல்லுக்கட்டி நகத்தை இழக்க நேரும். துலாக்கோலுக்கும் ஏற்றத்துக்கும் உரிய விதியே இதற்கும் விதி.

இப்போது நம் நாட்டுப் பக்கம் திரும்புவோம். ஏடு எழுதுகிறவர் சுவடியை இடக்கையில் பிடித்து, வலக்கையால் எழுத்தாணியை நடத்துவார். கூர் வழுக்காமல் இருப்பதற்கு இடக்கைப் பெருவிரல் தாங்கல் கொடுக்கும். சிலர் அந்த விரலின் நகத்தை வளர்த்து, அதிலே பிறை வடிவமாக ஒரு பள்ளம் செய்துகொண்டு, எழுத்தாணியை அதில் பொருத்தி எழுதினார்கள். சீமைக் கொல்லன் நகத்துக்காக இரும்பில் பிறை வெட்டினான். தமிழ் எழுத்தாளன் இரும்புக்காகத் தன் நகத்திலேயே பிறை வெட்டிக்கொண்டான். கருவியைக் கைக்கு ஏற்றபடி செய்வது ஒரு நாகரிகம். கையையே கருவியின் ஒரு பாகமாக ஆக்கிக்கொள்வது ஒரு தவம்.

மடக்கெழுத்தாணியில் மற்றொரு சௌகரியமும் உண்டு. ஓர் அலகு பட்டையானது, மற்றது ஊசி போன்றது. ஆகையால் இருட்டிலும் கை மாறிப் போகாது. முதலில் கத்தியைத் திறந்து ஓலையின் ஈர்க்கை நீக்கி, ஓரம் வாரி, அளவாக நறுக்க வேண்டும். அந்த வேலை முடிந்தால் கத்தியை மடக்கிவிட்டு எழுத்தாணியைத் திறக்கலாம். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் வேலை வருவதில்லை. ஒன்று உறங்கும்போது மற்றது விழித்திருக்கும். கீறிய எழுத்தில் கரி முதலியவற்றைத் தடவி மையாடினால் எழுத்துத் தெளிவாகத் தோன்றும். புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வையாமலே எழுதினார்கள். எழுத்தின் உருவமே அந்தக் கூர்முனைக்குக் கட்டுப்பட்டிருந்தது.

இங்கிருந்து சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள், ஓவியத்தோடு திரும்பிவிடாமல் ஏழடிப்பட்டத்துக்கும் ஏறிப் பார்க்க வேண்டும். சமண முனிவர்களுக்காகக் கல்லில் வெட்டிய 17 படுக்கைகள் அங்கே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் ஓரத்தில் பொறித்த தமிழ்ப் பிராமி எழுத்து, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வெயிலும் மழையும் கண்ட பிறகும் நிற்கிறது. உளி ஒரு தடவை பேசினால் போதும். எழுத்தாணியின் நிலைமை வேறு. ஓலையைச் செல் அரிக்கும், ஈரம் தின்னும், சில நூறு ஆண்டுகளுக்குள் அது பொடியாகிவிடும். அதற்குள் யாராவது ஒருவர் புதிய ஓலையை வாரி, பழைய ஏட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரையில் எழுதி முடித்தாக வேண்டும்.

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சிட்டார்கள். அவர்கள் கையில் கிடைத்த ஏடுகள் ஆசிரியர்கள் எழுதிய மூல ஏடுகள் அல்ல. படிக்குப் படியாக வந்தவை. இடையில் எத்தனை தலைமுறைகள்! தலைமுறைதோறும் எங்கோ ஒரு திண்ணையில் ஒருவர் கத்தியைத் திறந்து மூடி, எழுத்தாணியைத் திறந்திருக்கிறார். ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் ஒரு நூல் இல்லை. நமக்குப் பெயர் மட்டும் மிஞ்சிய நூல்கள் பல. அவற்றுக்கு நேர்ந்த கதி பெரும்பாலும் இதுவே.

அச்சு யந்திரமும் காகிதமும் வந்தபின் எழுத்தாணிக்கு ஓய்வு கிடைத்தது. பேனாக்கத்தியைப் போல அது வேறு தொழிலுக்குப் போய்ப் பிழைக்கவும் முடியவில்லை; எழுதுவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இன்னும் அச்சேறாத ஏடுகளும் படமெடுக்கப்படாத சுவடிகளும் வீட்டுப் பரண்களில் கிடக்கும்போது, படியெடுக்கும் கடமையும் கருவியோடு சேர்ந்து மடங்கிவிட்டதே என்பதுதான் வருத்தம்.

நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் நாம் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் செய்கிறோம். ஏட்டோடு வைப்பதா, அரிவாளோடு வைப்பதா என்று தீர்மானிக்க முடியாத பொருள் ஒன்று உண்டென்றால் அது மடக்கெழுத்தாணியே. நேயர்களின் வீட்டுப் பழைய பெட்டியில் அப்படி ஒன்று அகப்பட்டால், துருப்பிடித்த கீலை முரட்டுத்தனமாகத் திறக்க வேண்டாம். ஒரு துளி எண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுங்கள். பழைய இரும்புக்காரனுக்கு எடை போட்டுக் கொடுத்துவிட வேண்டாம். அதை வைத்திருந்தவர் எழுதிய ஏடும் அதே பெட்டியின் அடியிலோ, மேலே பரணிலோ இருக்கக்கூடும். அதையும் தேடி எடுத்து, சுவடி படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டிப் படமெடுத்து வைப்பீர்களானால், கத்தி திறந்ததற்குப் பயன் உண்டு.